எந்த வயதுக்கு எந்த அட்டை? இடம்பெயர்ந்தோரின் மலேரியா: மைசூர் வட்டாரத்திலிருந்து ஒரு பார்வை

1799இல் திப்புவின் கோட்டையைக் கைப்பற்றிய ஆங்கிலேயப் படைக்கு ஸ்ரீரங்கப்பட்டணம் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. மைசூரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி, காவிரி இரண்டாகப் பிரிந்து வளைத்துக்கொண்டிருக்கும் தீவு அது. சுற்றிலும் அகழி, வாய்க்கால், வயல். சிப்பாய்கள் காய்ச்சலில் விழுந்தபடியே இருந்தார்கள். பத்தாண்டு பொறுத்துப் பார்த்துவிட்டு 1809இல் பாசறையைப் பெங்களூருக்கு மாற்றிவிட்டார்கள். கொசுதான் காரணமென்று அன்று யாருக்கும் தெரியாது. கெட்ட காற்று என்று நினைத்தார்கள். எப்படியோ, ராணுவத்தால் காய்ச்சலுக்குப் பயந்து மூட்டை கட்ட முடிந்தது. மூட்டை கட்டியதாலேயே காய்ச்சலில் விழுந்தவர்களைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

புது ஊருக்குப் போனவருக்குக் காய்ச்சல் வந்தால் ‘தண்ணீர் சேரவில்லை’ என்போம். மலேரியா விஷயத்தில் அந்தப் பேச்சில் பாதி உண்மை உண்டு. தண்ணீருக்குப் பதில் கொசு என்று வைத்துக்கொள்ள வேண்டும். மலேரியா மண்டிய ஊரில் பிறந்து, திரும்பத் திரும்பக் கடிபட்டு, பிழைத்து வளர்ந்தவர் உடம்பில் ஓரளவு எதிர்ப்பு ஊறிவிடும். கிருமி ரத்தத்தில் இருந்தாலும் ஆளைச் சாய்க்காது. இது சாசுவதமானதும் அல்ல. அந்த ஊரை விட்டுப் போய்ச் சில ஆண்டுகள் கழிந்தால் தேய்ந்துவிடும். ஆப்பிரிக்காவில் மலேரியா குழந்தைகளைக் கொல்லும் நோயாக இருப்பதற்கு, எதிர்ப்பு ஊறக் காலம் பிடிப்பதுதான் காரணம். 2023இல் உலகம் முழுக்க மலேரியாவால் இறந்தவர்கள் ஏறத்தாழ 5,97,000 பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆப்பிரிக்க வட்டாரத்து இறப்புகளில் முக்கால் பங்கு 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள். எதிர்ப்பு ஊறுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தவர்கள் அவர்கள்.

பாடப்புத்தகம் இதை வைத்துக்கொண்டு ‘குழந்தைக்கே ஆபத்து அதிகம்’ என்று எழுதும். அகதி முகாம்களுக்கான கையேடுகளும் பெரும்பாலும் அதையே வழிமொழிகின்றன. ஆனால் காய்ச்சலில்லாத மலையிலிருந்தோ நகரத்திலிருந்தோ காய்ச்சல்காட்டுக்குத் தள்ளப்பட்ட குடும்பத்தில் 5 வயதுப் பேத்தியும் 55 வயதுப் பாட்டியும் எதிர்ப்பில் ஒரே நிலையில்தான் இருக்கிறார்கள். ஒருவருக்கும் அது கிடையாது. அந்த நிலையில் கடும் மலேரியா யாரை அதிகம் கொல்கிறது? வங்கதேசம், இந்தியா, இந்தோனேசியா, மியான்மர் ஆகிய நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்து 2005இல் வெளியான பெரிய சோதனை ஒன்று, குயினைனைவிட ஆர்ட்டிசுனேட் ஊசி இறப்பை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்கிறது என்று நிறுவியது. அதே நோயாளிகளின் விவரங்களை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்த அலசல் 2008இல் வந்தது. 10 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களில் இறந்தவர்கள் நூற்றுக்கு 6 பேர்; 50 வயதைத் தாண்டியவர்களில் 36 பேர். நோயின் முகமும் வயதோடு மாறுகிறது. சிறுவர்களுக்கு வலிப்பும் கடும் ரத்தசோகையும் வருகின்றன. பெரியவர்களுக்கு மஞ்சள் காமாலையும் சிறுநீரகச் செயலிழப்பும். ஆப்பிரிக்கப் பாடத்தை அப்படியே இங்கே ஒப்பித்தால் கிழவர்களும் உழைக்கும் வயதினரும் கணக்கில் விடுபட்டுப்போவார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. இடம்பெயர்ந்தவரின் ஆபத்தைப் பிறந்த தேதி மட்டும் தீர்மானிப்பதில்லை. எங்கிருந்து வந்தார், எந்த ஆண்டில் வந்தார், வந்த இடத்தில் என்ன வேலை செய்கிறார் என்பவையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. மைசூர் வட்டாரத்தில் இந்த மூன்றுக்கும் எடுத்துக்காட்டு கிடைக்கிறது.

முதலில் திபெத்தியர்கள். மைசூர் மாவட்டத்தின் பிரியாபட்டணம் வட்டத்தில், குடகு எல்லையை ஒட்டியிருக்கிறது பைலகுப்பே. அன்றைய மைசூர் அரசு ஒதுக்கிய சுமார் 3,000 ஏக்கர் காட்டில் 1960–61இல் திபெத்திய அகதிகளின் குடியேற்றம் தொடங்கியது. கடல்மட்டத்துக்கு மேல் மூன்றரை ஆயிரம், நான்காயிரம் மீட்டர் உயரத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் அவர்கள். மலேரியாக் கொசு பிழைக்க முடியாத குளிர் அங்கே. ஆகவே கைக்குழந்தை முதல் முதிய லாமா வரை யாருக்கும் எதிர்ப்பு இல்லை. வரும் வழியிலேயே அசாமின் மிசாமாரி முகாமின் புழுக்கத்தில் வெக்கையும் நோயும் பலரைக் கொண்டுபோயிருந்தன. பைலகுப்பேயில் காடு வெட்டி, மூங்கில் எரித்து, யானைக்குப் பயந்து முதல் குடிசைகளைப் போட்டார்கள். மலேரியா நூல்களில் ‘எதிர்ப்பற்ற மக்கள், காட்டு விளிம்பு’ என்று எச்சரிக்கப்படும் நிலை அப்படியே இங்கே இருந்தது.

ஆனால் காலம் அவர்கள் பக்கம் இருந்தது. சுதந்திரம் வந்தபோது இந்தியாவில் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா, 8 லட்சம் சாவு என்று மதிப்பிட்டிருந்தார்கள். 1953இல் தேசியக் கட்டுப்பாட்டுத் திட்டமும், 1958இல் ஒழிப்புத் திட்டமும் வந்தன. ஊர் ஊராக டிடிடி அடித்ததில் 1961இல் நாடு முழுக்கப் பதிவானவை 50,000க்கும் குறைவு. பைலகுப்பேயின் முதல் குடிசைகள் எழுந்தது அந்த ஆண்டில்தான். அந்த நூற்றாண்டுக் கணக்கில் அதைவிடப் பாதுகாப்பான ஆண்டு அவர்களுக்கு வாய்த்திருக்க முடியாது. 1958இல் தொடங்கிய தண்டகாரண்யத் திட்டத்தில் கிழக்கு வங்க அகதிகளை மல்கான்கிரி, கோராபுட் காடுகளில் குடியேற்றினார்களே, அங்கே மலேரியாவை இன்றுவரை முழுக்க விரட்ட முடியவில்லை. இரண்டுமே அகதிக் குடியேற்றம், இரண்டுமே காடு. ஆனால் காட்டுக்குக் காடு கொசு வேறு. மல்கான்கிரி, கோராபுட் மலைக்காட்டு ஓடைகளில் பெருகும் அனோஃபிலஸ் ஃப்ளுவியாட்டிலிஸ் மனித ரத்தத்தையே தேடிப்போகும் சாதி. பொட்டல்காட்டு குலிசிஃபேசிஸ் மாட்டுத் தொழுவத்தோடு பெரும்பாலும் திருப்திப்பட்டுவிடும்.

திபெத்தியர் குடியேற்றத்துக்காகவே 1968இல் மைசூர் மீள்குடியேற்ற வளர்ச்சி முகமை என்ற அமைப்பு பிறந்தது. பிறகு சுய உதவிக் குழுக்களால் நாடறிந்த மைராடா அதுதான். அகதிகளுக்கென்று அமைப்பு, நிலம், மருத்துவமனை, வெளிநாட்டு உதவி எல்லாம் கிடைத்தன. அதே மாவட்டத்துப் பழங்குடிக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

ஹெக்கடதேவன்கோட்டை வட்டத்தில் கபினி அணை 1974இல் எழுந்து முடிந்தது. தேங்கிய நீரில் கிராமங்களும் காட்டுக் குடியிருப்புகளும் மூழ்கின. ஓராண்டு முன்புதான் பந்திப்பூர் புலிகள் காப்பகமானது. பிறகு நாகரஹொளெ. தேனெடுத்துப் பிழைத்த ஜேனு குறுபரும் காடு குறுபரும் காட்டின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்கள். பலர் குடகின் காப்பித் தோட்டங்களில் கூலிகளானார்கள். இவர்கள் வெளியேறிய காலம் எது? டிடிடிக்குக் கொசு பழகிப்போய், அரசும் அலுத்துப்போய், மலேரியா திரும்பிவந்த காலம். 1976இல் நாட்டில் பதிவானது 64 லட்சத்துக்கு மேல். ஒரே மாவட்டத்தில் இரண்டு இடப்பெயர்ச்சிகளுக்கு இடையே பதினைந்தே ஆண்டுதான். ஒன்று நோயின் பள்ளத்தில் நடந்தது, மற்றது சிகரத்தில். மைசூர் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் சிலர் ஆர். பாலசுப்ரமணியம் தலைமையில் 1984இல் சுவாமி விவேகானந்தர் இளைஞர் இயக்கத்தைத் தொடங்கி, இந்த மக்களிடையே மருத்துவம் பார்க்கப் போனபோது அரசு மருத்துவம் அவர்களிடம் எட்டியும் பார்க்காமல் இருந்தது.

காட்டுக்குள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களில் சிலருக்கு ரத்தத்திலேயே ஒரு கவசம் உண்டு. 1952இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் நீலகிரிப் பழங்குடிகளிடையே அரிவாள் வடிவச் சிவப்பணுவைக் கண்டறிந்தார்கள். இந்தியாவில் அதுவே முதல் முறை. அந்த மரபணு பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால், சிறுவயதில் கொடிய மலேரியாவிலிருந்து காக்கும். இருவரிடமிருந்தும் வந்தால் ஆயுள் முழுக்க வலியும் சோகையும். பிலிகிரிரங்கன் மலையில் சோலிகப் பழங்குடியினரிடையே 1981 முதல் வேலை செய்யும் மருத்துவர் சுதர்சனின் குழுவும் இதைச் சந்தித்தது. காட்டில் மலேரியாவுக்கு எதிராக விலை கொடுத்து வாங்கிய கவசம், காட்டை விட்டு வெளியேற்றிய பிறகு வெறும் நோயாக மிஞ்சுகிறது.

மண்ணை வெட்டித் தண்ணீரைத் திருப்பும்போதெல்லாம் காய்ச்சல் வரும் என்பதையும் இந்த வட்டாரம் நன்றாக அறியும். கிருஷ்ணராஜசாகரத்தின் நீரை மண்டியாவுக்குக் கொண்டுபோன இர்வின் வாய்க்கால், இப்போது விஸ்வேஸ்வரய்யா வாய்க்கால், 1930களில் வறண்ட நிலத்தை நெல்லும் கரும்புமாக மாற்றியது. கூடவே மலேரியாவையும் பரப்பியது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு மைசூர் சமஸ்தானம் நடத்திய ஆய்வுகளில் டபிள்யூ. சி. ஸ்வீட்டும் பி. ஏ. ராவும் முக்கியமானவர்கள். 1937இல் இவர்கள் கொசுமுட்டைகளை நுண்ணோக்கியில் பார்த்து ஒரு பேதத்தைப் பிடித்தார்கள். அனோஃபிலஸ் கொசுவின் முட்டை படகுபோல நீரில் மிதக்கும்; இருபுறமும் காற்றடைத்த மிதவை, மிதவை மேல் குறுக்கு வரிகள். ஸ்டீஃபென்சி என்ற இனத்தில் நகரத்து முட்டைக்கு வரிகள் அதிகம், கிராமத்து முட்டைக்குக் குறைவு. கிராமத்து வகைக்கு மைசூரென்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். அது மாட்டைக் கடிப்பது. நகரத்து வகைதான் மனிதனைக் கடித்து மலேரியா பரப்புவது. சென்னையின் கிணறுகளிலும் மொட்டைமாடித் தொட்டிகளிலும் வளர்வது அதுதான்.

அந்த ஸ்டீஃபென்சியும் இடம்பெயர்ந்துவிட்டது. 2012இல் ஜிபூட்டி, பிறகு எத்தியோப்பியா, சூடான் என்று ஆப்பிரிக்க நகரங்களில் காலூன்றியிருக்கிறது. 2017இல் இலங்கையின் மன்னாரில் இருப்பது தெரிந்தது. மலேரியா கிராமத்து நோய், நகரத்துக்கு ஓடிவந்த அகதிக்கு அது வராது என்று ஆப்பிரிக்காவில் நம்பியிருந்த காலம் போய்விட்டது.

தமிழர்களின் இடப்பெயர்ச்சியையும் இதே அளவுகோலால் பார்க்கலாம். 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. உயரத் தேயிலைத் தோட்டங்களில் மலேரியா அரிது; எனவே எதிர்ப்பும் குறைவு. அவர்களில் ஒரு பகுதியினர் கூடலூர், கோத்தகிரி தேயிலைக்கும், இன்னொரு பகுதியினர் கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர் ரப்பர் தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்தார்கள். ரப்பர் பால் வெட்டு விடியலுக்கு முந்தைய இருட்டில் நடக்கும் வேலை, பெரியவர்களின் வேலை. கொசு கடிக்கும் நேரமும் அதுவே. இப்படித்தான் ஆபத்தின் வயது தொழிலால் மாறுகிறது.

இலங்கைப் போரின் கதை வேறு மாதிரி முடிந்தது. 1999இல் தீவில் 2.6 லட்சம் மலேரியா நோயாளிகள். வடக்கிலும் கிழக்கிலும் மிகுதி. 2008இல் ஆயிரத்துக்கும் கீழே. போரின் நடுவிலேயே இரு தரப்புப் பகுதிகளிலும் மருந்தடிப்பும் ரத்தப் பரிசோதனையும் நடந்தன. 2009இல் செட்டிகுளம் மெனிக் ஃபார்ம் முகாமில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டபோது எல்லோரும் பயந்த மலேரியாக் கொள்ளை வெடிக்கவில்லை. உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 அக்டோபரில். 2016 செப்டம்பரில் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழ். முகாம் என்றாலே மலேரியா என்று விதி எதுவும் இல்லை. முகாமுக்கு முன்பு என்ன நடந்தது என்பதே கேள்வி.

இனி மருந்து. நம் ஆரம்ப சுகாதார நிலையச் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணை வயதை வைத்துப் பேசும். விவாக்ஸ் வகை மலேரியாவுக்குக் குளோரோகுயின் மூன்று நாள். 15 வயது முதல் 4, 4, 2 மாத்திரை. 9 முதல் 14 வரை 3, 3, ஒன்றரை. 5 முதல் 8 வரை 2, 2, 1. 1 முதல் 4 வரை 1, 1, அரை. ஒரு வயதுக்குள் அரை, அரை, கால். கால் மாத்திரையைக் கத்தியால் வெட்டி, கரண்டியில் பொடித்து, சர்க்கரைத் தண்ணீரில் கலந்து, கசப்பில் குழந்தை துப்பியதில் எவ்வளவு உள்ளே போனது என்று தாய் மட்டுமே ஊகிக்க முடியும். ஃபால்சிபாரம் வகைக்கு ஆர்ட்டிசுனேட்டும் சல்ஃபா கூட்டு மருந்தும் வண்ண அட்டைகளில் வரும்: ஒரு வயதுக்குள் இளஞ்சிவப்பு, 1–4 மஞ்சள், 5–8 பச்சை, 9–14 சிவப்பு, 15 முதல் வெள்ளை. எழுத்தறியாத கிராமத்துப் பணியாளரும் தடுமாறாமல் கொடுக்க நல்ல ஏற்பாடு. ஐந்து மாதத்துக்குக் குறைந்த சிசுவுக்கு அந்த சல்ஃபா கூட்டு ஆகாது என்பதை மட்டும் வண்ணம் சொல்லாது.

ஏற்பாட்டின் ஓட்டை, வயதும் எடையும் ஒன்று என்று நம்புவதில். குளோரோகுயின் முதல் நாள் அளவு கிலோவுக்கு 10 மில்லிகிராம். மாத்திரை ஒன்றில் 150. இடம்பெயர்ந்த குடும்பத்தின் 9 வயதுச் சிறுவன் 20 கிலோ இருந்தால் அவனுக்கு வேண்டியது 200 மில்லிகிராம், ஒன்றேகால் மாத்திரை சொச்சம். அட்டவணைப்படி அவன் விழுங்குவது மூன்று. 75 கிலோ கட்டிடத் தொழிலாளிக்கு வேண்டியது 750, கிடைப்பது 600. சத்துக்குறைவான பிள்ளைக்கு மிகை, கனத்த ஆளுக்குக் குறை. முகாம்களிலும் கட்டுமானக் குடிசைகளிலும் பிறந்த தேதியே பலருக்குத் தெரியாது. ‘அஞ்சாறு வயசிருக்கும்’ என்பார்கள். அந்த ஓர் ஊகம் அட்டையின் வண்ணத்தையே மாற்றிவிடும். எடை பார்க்கும் மிஷின் ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிற நாட்டில் வயதட்டவணையை இன்னும் தெய்வவாக்காகப் பிடித்துத் தொங்குவது எனக்குப் புரியவில்லை.

இதைவிடச் சிக்கலானது பிரைமாகுயின். விவாக்ஸ் கிருமி கல்லீரலில் பதுங்கும். குளோரோகுயின் அதைத் தொடாது. சில இந்திய வகைகள் ஆறு மாதத்துக்கு மேலும் உறங்கிக் கிடந்து மறுபடி எழும். பதுங்கியதை அழிக்க 14 நாள் பிரைமாகுயின். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கிடையாது, கர்ப்பிணிக்குக் கிடையாது, ஜி6பிடி என்னும் நொதி குறைந்தவருக்குக் கொடுத்தால் சிவப்பணுக்கள் சிதைந்துபோகும். அலைந்து திரியும் குடும்பத்தில் இந்த மூன்று விலக்குகளையும் கழித்தால் மிஞ்சுபவர்களில் பலர் கூலி வேலைக்காரர்கள். அவர்களோ காய்ச்சல் விட்ட மூன்றாம் நாளே வேலைக்குப் போய்விடுவார்கள். ஒற்றை வேளை டஃபெனோகுயின் 2018இல் அமெரிக்காவில் 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அனுமதி பெற்றது. 2022இல் ஆஸ்திரேலியா 2 வயதுக் குழந்தை வரை நீட்டித்தது. அதற்கும் நொதியளவை எண்ணில் சொல்லும் பரிசோதனை முதலில் வேண்டும்.

கர்ப்பிணிகளைப் பற்றிய மிகச் சிறந்த பாடம் அகதி முகாமிலிருந்தே வந்தது. மியான்மரிலிருந்து தாய்லாந்து எல்லைக்கு ஓடிவந்த கரேன் மக்களிடையே 1986இல் ஷொக்லோ மலேரியா ஆய்வு மையம் தொடங்கியது. வாரம் ஒருமுறை ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் விரல் குத்தி ரத்தம் பார்த்து, கிருமி இருந்தால் உடனே மருந்து. பெரிய தொழில்நுட்பம் ஒன்றுமில்லை. மலேரியாவால் தாய்மார் சாவது அங்கே ஏறக்குறைய நின்றுபோனது. 1994இல் ஆர்ட்டிசுனேட்டை மெஃப்ளோகுயினோடு சேர்த்துக் கொடுக்கத் தொடங்கியதும் ஃபால்சிபாரம் நோய் பாதியளவுக்குக் குறைந்தது. இன்று உலகம் முழுக்கப் புழங்கும் கூட்டுமருந்து முறைக்கு அந்த அகதிகள்தான் ஆதாரம். ஆர்ட்டிமீத்தர்–லூமிஃபான்ட்ரின் கூட்டைக் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்திலும் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது 2022இல். அதுவரை அந்த மாதங்களுக்குக் குயினைனே விதி. தடுப்பூசிகள் வந்துவிட்டனவே என்று கேட்கலாம். ஆர்21 ஊசியைப் புனே நிறுவனம் ஒன்றுதான் தயாரிக்கிறது. ஆனால் அது ஆப்பிரிக்கக் குழந்தைகளின் ஃபால்சிபாரத்துக்காக வடிவமைத்தது. விவாக்ஸோடு ரயிலேறி வரும் 30 வயதுக்காரருக்கு அதனால் பயனில்லை.

இன்றைய மைசூரில் பேச வேண்டியது ரயிலேறி வரும் அவரைப் பற்றித்தான். கர்நாடகத்தின் மலேரியா பெருமளவுக்கு மங்களூர், உடுப்பிக் கடலோரத்தின் கட்டிடத் தளங்களைச் சுற்றியே இருந்துவந்திருக்கிறது. மைசூரில் நோய் அரிதாகிவிட்டது. நாட்டளவில் 2015இல் 11.7 லட்சமாக இருந்தது 2023இல் 2.3 லட்சத்துக்கும் கீழே வந்திருக்கிறது. 2030க்குள் ஒழிப்பு என்பது இலக்கு. இந்தக் கட்டத்தில் ஒவ்வொரு நோயாளியையும் ‘உள்ளூரில் தொற்றியது’, ‘வெளியிலிருந்து வந்தது’ என்று பிரித்தெழுத வேண்டும். வெளியூர்க் கணக்கில் எழுதிவிட்டால் மாவட்டத்தின் பூஜ்யம் கெடாது. ஒடிசாவிலோ ஜார்க்கண்டிலோ எட்டு மாதம் முன்பு தொற்றிய விவாக்ஸ், மைசூர்ப் புறநகரின் அடுக்குமாடித் தளத்தில் எழுந்தால் அது எந்தக் கணக்கு? பதிவேட்டில் வெளியூர் என்று எழுதுவது சரிதான். ஆனால் அதே தளத்தின் நீர்த்தொட்டியில் ஸ்டீஃபென்சி இருந்தால், பக்கத்துக் குடிசையில் கைக்குழந்தையோடு இருப்பவளுக்கு அது அடுத்த வாரமே உள்ளூர் நோய். பிரைமாகுயின் கிடைக்காத குழந்தை அது. பால் கொடுக்கும் தாய்க்கும் குழந்தையின் நொதி தெரியாமல் கொடுக்க முடியாது.

ஆகவே மைசூர் போன்ற மாவட்டத்தில் நான் பார்க்க விரும்புவது புதிய மருந்தல்ல. தொழிலாளர் குடியிருப்புக்கு ரத்தம் எடுக்கப் போகும் பணியாளர் பையில் ஓர் எடைக் கருவி. வட்ட மருத்துவமனையில் ஜி6பிடி பார்க்கும் வசதி. பிரைமாகுயினின் 14 நாளில் ஆறாம் நாளே வேறு மாவட்டத் தளத்துக்குப் போய்விடும் ஆளின் கைப்பேசி எண், அங்குள்ள பணியாளருக்குப் போய்ச் சேரும் வழி. அதோடு, 50 வயதைத் தாண்டிய காய்ச்சல்காரர் வந்தால் குழந்தைக்குக் காட்டும் அவசரத்தை அவருக்கும் காட்டி, அன்றைக்கே ரத்தம் பார்ப்பது.